கன்னக்களவு வழக்கு: சாட்சிகள் ஆளுக்கொன்று சொன்னால் எதை நம்பித் தீர்ப்பு எழுதுவது?

பயிற்சித்தீர்ப்பு (கேள்வி):

வணக்கம். சிவில் நீதிபதித் தேர்வுக்குத் தயாராகும் எங்கள் குழுவில், தீர்ப்பு எழுதிப் பழக ஒரு கன்னக்களவு வழக்கை எடுத்திருக்கிறோம். கற்பனை வழக்குதான். ஆனால் சாட்சியங்களை வேண்டுமென்றே சிக்கலாக வைத்திருக்கிறார்கள். குழுவில் பாதிப் பேர் தண்டனை என்கிறார்கள், பாதிப் பேர் விடுதலை என்கிறார்கள். விவரம் இதுதான்.

சம்பவம் 2025 பிப்ரவரி 3ஆம் தேதி இரவு. வீட்டார் முகூர்த்தத்துக்கு வெளியூர் போயிருந்தார்கள். 4ஆம் தேதி காலை 9 மணிக்குத் திரும்பினால் பூட்டு உடைந்திருக்கிறது, பீரோ திறந்து கிடக்கிறது. இரண்டு எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்). குற்றச்சாட்டு பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, புதிய தண்டனைச் சட்டம்) 331(4), 305(அ), அதாவது இரவில் வீடு உடைத்துப் புகுந்ததும் வீட்டில் திருடியதும்.

அ.சா.1 (அரசு தரப்புச் சாட்சி 1) வீட்டுக்காரர். புகாரில் 11 பவுன் என்றவர், கோர்ட்டில் 14 பவுன் என்கிறார்.

அ.சா.2 எதிர்வீட்டு அம்மா. இரவு 2.15க்கு மாடி ஜன்னலிலிருந்து, இரண்டு பேர் காம்பவுண்டுச் சுவர் ஏறி வெளியே குதித்ததைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தாராம். ஒருவன் நீலக் கட்டம் போட்ட சட்டை. தூரம் 30 அடி என்கிறார், மாதிரி வரைபடத்தில் 22 மீட்டர். மார்ச் 10 அன்று நடந்த அடையாள அணிவகுப்பில் முதல் எதிரியைக் காட்டினார். ஆனால் அதற்கு முன்பே எஸ்.ஐ. செல்போனில் ஒரு போட்டோ காட்டியதாகக் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார்.

அ.சா.3 பால்காரர். விடியற்காலை 4.15க்குத் தெருமுனையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பையோடு பைக்கில் போனதைப் பார்த்தாராம். கோர்ட்டில் வண்டி எண்ணை முழுதாகச் சொல்லி, இரண்டாம் எதிரிதான் அவர் என்றும் கூண்டைக் காட்டினார். போலீஸ் வாக்குமூலத்தில் வண்டி எண் இல்லை. அணிவகுப்புக்கு அவரை அழைக்கவும் இல்லை.

அ.சா.4 தெருக் காவலாளி. யாரையும் பார்க்கவில்லை, அன்று விளக்கே எரியவில்லை என்கிறார். பிறழ் சாட்சி, அதாவது அழைத்த தரப்புக்கே எதிராக மாறியவர்.

அ.சா.5 வி.ஏ.ஓ. பிப்ரவரி 22 காலை ஸ்டேஷனில் முதல் எதிரியின் ஒப்புதல் வாக்குமூலம், பகல் 12.30க்கு அடகுக்கடையில் நகை கைப்பற்றல். அ.சா.6 கிராம உதவியாளர். கடைக்கே போகவில்லை, சாயங்காலம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டேன் என்கிறார். அவரும் பிறழ்.

அ.சா.7 அடகுக்கடைக்காரர். பிப்ரவரி 6 அன்று முதல் எதிரி ஒரு சங்கிலி, இரண்டு வளையல், மொத்தம் 47.200 கிராம் அடகு வைத்தார், பேரேட்டில் பதிவு இருக்கிறது என்கிறார். கூடவே, போலீஸ் 20ஆம் தேதியே கடைக்கு வந்து பேரேட்டைப் பார்த்துவிட்டுப் போனதாகவும் சொல்கிறார்.

இவை தவிர, கோயில் வாசல் கேமராவில் 1.37 மணிக்கு இரண்டு உருவங்கள். எதிரிகள் இருவரும் கேள்விகளுக்கு "பொய் வழக்கு" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

யாரை நம்புவது, யாரைத் தள்ளுவது என்பதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

நெல்லை வக்கீல்:

நீங்கள் எழுதியிருக்கும் எல்லாவற்றையும் முரண் என்று ஒரே கூடையில் போட்டதால்தான் குழு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒரு சாட்சி தன் பழைய வாக்குமூலத்தோடு மோதுவது ஒரு வகை. இரண்டு சாட்சிகள் ஒருவரோடொருவர் மோதுவது இன்னொன்று. சாட்சி ஆவணத்தோடு மோதுவது மூன்றாவது. மூன்றுக்கும் அளவுகோல் வேறு.

முதலில், உண்மையிலேயே மோதல் இருக்கிறதா என்று பாருங்கள். 2.15, 4.15 இரண்டும் மோதவில்லை. ஒன்று சுவர் ஏறிக் குதித்த நேரம், மற்றது தெருமுனையில் ஒருவர் பைக்கில் போன நேரம். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம். அங்கே இருப்பது முரண் அல்ல, இடைவெளி. குதித்து வெளியே போனவர்கள் இரண்டு மணி நேரம் அந்தத் தெருவிலேயே என்ன செய்தார்கள் என்பதற்கு அரசு தரப்பில் பதில் இல்லை. ஆகவே பால்காரர் பார்த்த ஆள் முதல் பஸ்ஸுக்குப் போன யாராகவும் இருக்கலாம். அவர் பொய் சொல்கிறார் என்று தீர்ப்பில் எழுத வேண்டியதில்லை. சொன்னது உண்மையாகவே இருந்தாலும் குற்றத்தோடு இணைக்கும் கண்ணி இல்லை என்று எழுதினால் போதும்.

1.37க்கும் 2.15க்கும் உள்ள வித்தியாசம் வேறு மாதிரி. அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாரா, உத்தேசமாகச் சொன்னாரா என்று முதல் விசாரணையை (அரசு தரப்பு கேட்டுப் பதிவான சாட்சியத்தை) திருப்பிப் படியுங்கள். சாட்சி உத்தேசமாகச் சொல்லும் நேரத்தை நிமிடக் கணக்கில் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பது பர்வாடா போகின்பாய் வழக்கிலேயே (1983) உச்ச நீதிமன்றம் சொன்னதுதான். சாட்சிக்கு வீடியோ டேப் போன்ற நினைவு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, நேரமும் கால அளவும் ஆளுக்கு ஆள் மாறும் என்று அதில் வரிசையாகக் காரணங்கள் இருக்கின்றன.

அடுத்து வண்டி எண். இது வாக்குமூலத்தில் சொல்லாமல் விட்டது. விடுபட்டது எல்லாம் முரண் ஆகாது. ஆனால் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 181இன் விளக்கப்படி, விடுபட்ட விஷயம் முக்கியமானதாகவும் அந்தச் சூழலில் இயல்பாகச் சொல்லியிருக்க வேண்டியதாகவும் இருந்தால் அது முரணாகும். பைக்கில் போனவரைப் பற்றிப் போலீஸ் விசாரிக்கும்போது வண்டி எண்ணை விட யாருக்கும் நினைவு வரக்கூடிய விஷயம் எது? இங்கே அது முரண்தான், அதுவும் பெரிய முரண்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முரண் தானாக வழக்குக்குள் வந்துவிடாது, அதை முறைப்படி கொண்டுவந்திருக்க வேண்டும். பி.எஸ்.ஏ. (புதிய சாட்சியச் சட்டம்) 148படி முந்தைய வாக்குமூலத்தில் முரண்படும் பகுதியை மட்டும் எடுத்துச் சாட்சியின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். "ஆமாம், அப்படிச் சொன்னேன்" என்றால் முரண் அங்கேயே நிரூபணம். மறுத்தால் அந்தப் பகுதியைக் குறித்து வைத்து, புலனாய்வு அதிகாரி கூண்டில் ஏறும்போது அவரிடம் கேட்க வேண்டும். "அப்படித்தான் சொன்னார்" என்று அவர் சொன்ன பிறகே நிரூபணம். வி.கே. மிஸ்ரா வழக்கில் (2015) இந்த முறை படிப்படியாக இருக்கிறது. விடுபட்ட விஷயத்தில் குறிப்பதற்கு வரி எதுவும் இருக்காது. "வண்டி எண்ணைப் போலீசாரிடம் சொல்லவில்லை என்கிறேன்" என்று சாட்சியிடமும், "விசாரணையில் இவர் வண்டி எண் சொன்னாரா" என்று அதிகாரியிடமும் கேட்டிருக்க வேண்டும். அதிகாரியிடம் கேட்க மறந்துவிட்டு வாதத்தின்போது வாக்குமூல நகலை நீட்டுவது எதிரி தரப்பில் அடிக்கடி நடக்கும் தவறு. நீதிபதி அந்த நகலைத் தானாக எடுத்துப் படித்து முரண் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் பயிற்சித் தாளில் புலனாய்வு அதிகாரியான அ.சா.8இன் குறுக்கு விசாரணையில் இந்தக் கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள்.

முரண் நிரூபணமானாலும் பழைய வாக்குமூலம் உண்மை ஆகிவிடாது. அது சாட்சியின் நம்பகத்தை அசைக்க மட்டுமே. காவலாளி விஷயத்தில் இது பயன்படும். "விளக்கு எரிந்தது" என்று அவர் போலீசாரிடம் சொன்னதை வைத்து விளக்கு எரிந்தது என்று முடிவு செய்ய வழியே இல்லை.

பிறழ் சாட்சி என்றதும் அவர் சொன்னதை மொத்தமாக அழித்துவிடாதீர்கள். பி.எஸ்.ஏ. 157இன் இரண்டாம் உட்பிரிவே, அப்படிப்பட்டவர் சொன்னதில் எந்தப் பகுதியையும் நம்பலாம் என்கிறது. அரசு தரப்புக்கும் சரி, எதிரி தரப்புக்கும் சரி.

கடைசியாக வடிவேலு தேவர் வழக்கு (1957). அன்றைய சென்னை மாநிலத்திலிருந்து போன மேல்முறையீடு. முழுக்க நம்பத்தக்கவர், முழுக்க நம்பத்தகாதவர், இரண்டும் இல்லாதவர் என்று சாட்சிகளை மூன்றாகப் பிரித்தது. முதல் இரண்டில் சிரமமே இல்லை. மூன்றாம் வகையில்தான் முக்கிய விவரங்களுக்கு வேறு நம்பகமான ஆதாரம் தேட வேண்டும். உங்கள் அ.சா.2, அ.சா.3 இருவருமே மூன்றாம் வகை. ஒருவரை வைத்து மற்றவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள். துணை ஆதாரம் சந்தேகமில்லாத இடத்திலிருந்து வர வேண்டும்.

முன்னாள் ஏ.பி.பி.:

அரசு உதவி வழக்கறிஞராக இருந்த அனுபவத்தில், வக்கீல் சார் சொன்னதோடு அடையாளம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரவுக் களவு வழக்குகள் பெரும்பாலும் உடைவது இங்கேதான்.

தூரத்துக்கு அந்த அம்மா சொன்ன 30 அடியை விடுங்கள். மனிதர்கள் அடிக்கணக்கில் தூரம் சொல்வதில் எப்போதும் தவறுவார்கள், அதற்காக அவரைப் பொய்யர் ஆக்கக் கூடாது. 22 மீட்டர் என்றால் 72 அடி. ஆனால் அந்த 22 மீட்டர் எப்படி வந்தது என்றும் பாருங்கள். அதிகாரி டேப் பிடித்து அளந்து குறித்திருந்தால் அது ஆதாரம். "சாட்சி இங்கே நின்றார், எதிரிகள் இங்கே குதித்தார்கள்" என்று யாரோ சொல்லக் கேட்டு வரைபடத்தில் புள்ளி வைத்திருந்தால் அது போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலத்துக்குச் சமம், பயன்படாது. தோரி சிங் வழக்கு (1962) படியுங்கள்.

வெளிச்சத்துக்கு மூன்று இடங்களில் தேட வேண்டும். முதலில் பார்வை மகஜர், அதாவது சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் பதிவு. விளக்குக் கம்பம் எங்கே, சுவரிலிருந்து எத்தனை மீட்டர் என்று அதில் ஒரு வரி இருக்க வேண்டும். கம்பமே இல்லாத பார்வை மகஜரை வைத்துக்கொண்டு தெருவிளக்கு வெளிச்சம் என்று வாதாடுவது கஷ்டம். இரண்டாவது, விளக்கைப் பராமரிக்கும் நகராட்சி ஊழியரை விசாரித்தார்களா. காவலாளி எரியவில்லை என்று சொல்லும்போது இந்தச் சாட்சி கட்டாயம். இல்லாவிட்டால் ஒருவர் சொல் எதிர் மற்றவர் சொல் என்றுதான் நிற்கும், அதில் சந்தேகத்தின் பலன் எதிரிக்குப் போகும். மூன்றாவது பஞ்சாங்கம். 2025 பிப்ரவரி 3 இரவு வளர்பிறை சஷ்டி. நள்ளிரவுக்கு முன்பே நிலா அடைந்துவிடும். எனவே 2.15க்கு நிலா வெளிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை, முழுக்க முழுக்க தெருவிளக்கை நம்பித்தான் ஆக வேண்டும்.

விளக்கு என்ன வகை என்பதும் முக்கியம். பழைய மஞ்சள் சோடியம் விளக்காக இருந்தால் அதன் கீழ் நீலம் நீலமாகத் தெரியாது, சாம்பலாகவோ கறுப்பாகவோதான் தெரியும். நீலக் கட்டம் என்று உறுதியாகச் சொல்ல வெள்ளை எல்.இ.டி. வேண்டும். இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி.

முன்பின் தெரியாத முகத்தை அடையாளம் காண, நெதர்லாந்து உளவியல் ஆய்வாளர்கள் 1996இல் ஒரு கை அளவு சொன்னார்கள்: 15 மீட்டருக்குள் இருக்க வேண்டும், வெளிச்சம் 15 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்ச அளவு) குறையக் கூடாது. இது சட்டம் அல்ல, தீர்ப்பில் விதியாக எழுதிவிடாதீர்கள். ஆனால் 22 மீட்டரில், இரவில், சுவரிலிருந்து குதிக்கும் சில நொடிகளில், பக்கவாட்டில் தெரிந்த புது முகத்தை 35 நாள் கழித்து அணிவகுப்பில் காட்டியது எவ்வளவு பலமான சாட்சியம் என்று எடைபோட அது உதவும். அதே தெருக்காரராக, தினம் பார்த்த ஆளாக இருந்தால் கதை வேறு. நடையிலேயே தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் மேல் அந்த போட்டோ. அணிவகுப்புக்கு முன் படம் காட்டிவிட்டால், பிறகு சாட்சி அடையாளம் காட்டுவது சம்பவ இரவில் பார்த்த முகத்தையா, செல்போனில் பார்த்த முகத்தையா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த அம்மாவாலேயே முடியாது. அவர் நேர்மையானவர் என்பது இங்கே விடை ஆகாது. நேர்மையாகச் சொல்லும் தவறான அடையாளம்தான் அதிக ஆபத்து, ஏனென்றால் குறுக்கு விசாரணையில் அது அசையாது.

இரண்டாம் எதிரி விஷயம் சுலபம். முன்பின் தெரியாதவரை, அணிவகுப்பு இல்லாமல், முதல்முறையாகக் கூண்டில் நிற்கும்போது காட்டியது கண்ணன் எதிர் கேரள அரசு (1979) வழக்குப்படி மதிப்பற்றது. பின்னால் வந்த மல்கான்சிங் (2003) இந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தியது உண்மை. கோர்ட்டில் காட்டுவதுதான் அடிப்படைச் சாட்சியம், அணிவகுப்பு அதற்குத் துணை மட்டுமே என்றது. ஆனால் அங்கே பாதிக்கப்பட்டவர் குற்றவாளிகளை அருகில், நெடுநேரம் பார்த்தவர். போகிற போக்கில் பைக்கைப் பார்த்த பால்காரரை அந்த வரிசையில் வைக்க முடியாது.

பயிற்சித்தீர்ப்பு:

சார், இரண்டு பேருக்கும் நன்றி. கண்ணால் பார்த்த இருவரும் போய்விட்டால் மிச்சம் நகை கைப்பற்றல்தான். அதிலும் வி.ஏ.ஓ. ஒன்று, உதவியாளர் ஒன்று, கடைக்காரர் ஒன்று சொல்கிறார்கள். 20ஆம் தேதியா 22ஆம் தேதியா என்பதைச் சின்ன முரண் என்று தள்ளிவிடலாமா? அப்படியானால் அ.சா.1இன் 14 பவுனையும் அப்படியே தள்ளலாமா?

சாட்சியச்சட்டம் வகுப்பு:

தள்ளக் கூடாது தம்பி. இந்த வழக்கில் மிகப் பெரிய முரண் அந்த இரண்டு நாள்தான். ஆனால் அது தொடும் இடம் எது என்று சரியாகப் பார்க்க வேண்டும்.

போலீஸ் காவலில் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் உள்ளே வரக் கூடாது. பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இப்போது பி.எஸ்.ஏ. 23இன் வரம்புரையாக இருக்கிறது. எதிரி கொடுத்த தகவலின் விளைவாக ஒரு உண்மை கண்டறியப்பட்டால், அதோடு நேராகத் தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கத்தக்கது. புலுகுரி கோட்டய்யா (1947) முதல் இன்று வரை அதே கோடுதான். "இன்ன கடையில் அடகு வைத்த நகையை எடுத்துத் தருகிறேன்" என்பது வரும். "இன்ன வீட்டுப் பூட்டை உடைத்து எடுத்த" என்பது வராது. இரண்டாம் எதிரியின் பெயரைச் சொல்லியிருந்தால் அதுவும் வராது.

இப்போது கடைக்காரர் சொல்வதைப் பாருங்கள். 20ஆம் தேதியே போலீசார் பேரேட்டைப் பார்த்திருந்தால், 22ஆம் தேதி எதிரி சொல்லித் தெரியவந்தது எதுவுமே இல்லை. ஏற்கெனவே தெரிந்ததைக் கண்டறிய முடியாது. எனவே ஏற்கத்தக்க பகுதி என்று குறியிட்டது மொத்தமும் விழும். கடைக்காரரை அரசு தரப்பு பிறழ் சாட்சியாக அறிவிக்கவும் இல்லை, மறு விசாரணையில் தேதியைத் தெளிவுபடுத்தவும் இல்லை என்றால், முக்தார் அகமது அன்சாரி வழக்கின்படி (2005) எதிரி அந்தச் சாட்சியத்தைப் பிடித்துக்கொள்ளலாம். வழக்கு நாட்குறிப்பைக் கோர்ட்டு வரவழைத்துப் பார்க்க பி.என்.எஸ்.எஸ். 192இல் வழி இருக்கிறது. ஆதாரமாக அல்ல, விசாரணைக்கு உதவியாக மட்டும். 20ஆம் தேதிப் பதிவில் அடகுக்கடைச் சோதனை இருக்கிறதா என்று பார்த்து, அதிகாரியிடம் கேள்வி எழுப்பலாம்.

இன்னொன்றும் தோன்றுகிறது. கடைக்காரரிடம் அடகு வைத்தவரின் ஆதார் நகல் இருந்திருக்கும். எஸ்.ஐ. செல்போனில் காட்டிய படம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இது ஒரு சாத்தியமான விடை. தேதிச் சாட்சியமும் போட்டோச் சாட்சியமும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன, அதனால் கடைக்காரர் சொல்லும் 20ஆம் தேதி நம்பத்தக்கதாக ஆகிறது.

உதவியாளர் பிறழ்ந்தது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. மகஜர் சாட்சி மாறியதாலேயே கைப்பற்றல் விழாது, தகவலின் பேரில் நடக்கும் கைப்பற்றலுக்கு ஊர்ச் சாட்சி கட்டாயமும் இல்லை என்று டெல்லி அரசு எதிர் சுனில் வழக்கு (2001) சொல்கிறது. அதே சமயம் ராமானந்த் வழக்கு (2022) வந்த பிறகு, எதிரி சொன்ன வார்த்தைகள் என்ன என்பதை அதிகாரி கூண்டில் சொல்லியாக வேண்டும். "வாக்குமூலம் கொடுத்தார், அதன்படி கைப்பற்றினேன்" என்ற ஒற்றை வரி போதாது. தேடுதல், கைப்பற்றலை வீடியோ எடுக்க பி.என்.எஸ்.எஸ். 105 சொல்லும்போது பதிவு ஏன் இல்லை என்றும் கேளுங்கள். இருந்திருந்தால் உதவியாளர் கடைக்குப் போனாரா என்ற சண்டையே வந்திருக்காது.

சரி, எல்லாம் விழுந்ததா? இல்லை. அடகுக்கடைக்காரர் நேரடிச் சாட்சி. "6ஆம் தேதி இந்த ஆள் என் கடைக்கு வந்து இந்த நகையை வைத்தார்" என்பதற்கு ஒப்புதல் வாக்குமூலம் எதற்கு? போலீஸ் 20ஆம் தேதி போனாலும் 22ஆம் தேதி போனாலும் 6ஆம் தேதிப் பதிவு மாறாது. எனவே அந்தப் பதிவைத்தான் உரசிப் பார்க்க வேண்டும். கடைக்காரருக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆசை உண்டு, திருட்டு நகை வாங்கியதாகத் தானே எதிரி ஆகக்கூடியவர். ஆகவே அவர் வாய்ச்சொல்லை விடப் பேரேடுதான் முக்கியம். வரிசை எண் அறுபடாமல் போகிறதா, முன்னும் பின்னும் உள்ள பதிவுகள் ஒரே கையெழுத்தில் இயல்பாக இருக்கின்றனவா, அடகுச் சீட்டின் அடிக்கட்டையில் எதிரியின் கையெழுத்து இருக்கிறதா, எடை பொருந்துகிறதா. அடகுக்கடைக்காரர்கள் சட்டப்படி கணக்கும் சீட்டும் வைத்தே ஆக வேண்டும். பேரேட்டின் ஒரு பக்க நகலை மட்டும் தாக்கல் செய்திருந்தால் இதில் எதையும் சோதிக்க முடியாது. அசல் வேண்டும்.

இனி 14 பவுன். கேட்க வேண்டிய ஒரே கேள்வி, கைப்பற்றிய சங்கிலியும் வளையலும் புகாரிலிருந்த 11 பவுன் பட்டியலில் இருக்கின்றனவா என்பது. இருந்தால், கூடுதலாகச் சொன்ன 3 பவுனை நம்பாமல் விட்டுவிட்டு மேலே போகலாம். பீரோவைக் கலைத்துப் போட்ட வீட்டில் இன்னும் காணவில்லை என்று பிறகு தெரிவதும் இயல்பு, அப்படியானால் தொடர் வாக்குமூலம் இருந்திருக்கும். ஆனால் கைப்பற்றிய நகை அந்தப் பிந்தைய 3 பவுனில்தான் வருகிறது என்றால் வழக்கின் அடியே ஆட்டம் காணும். நகை பிடிபட்ட பிறகு பட்டியல் அதற்கேற்ப வளர்ந்தது என்ற வாதத்துக்குப் பதில் சொல்ல முடியாது.

இந்த நகைக்குப் புகாரில் 6 பவுன் என்றிருந்தால் அது 48 கிராம், பேரேட்டில் 47.200. புகாரில் முழுப் பவுனாகச் சொல்வது வழக்கம், இந்த வித்தியாசத்துக்கு மதிப்பில்லை. வாங்கிய ரசீது இருந்தால் அதைக் கொண்டுவந்திருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1க்குப் பிறகு கடையில் வாங்கிய ஹால்மார்க் நகையாக இருந்தால் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்குமான தனி அடையாள) எண் நகையிலேயே இருக்கும், அடையாளச் சண்டை அங்கேயே முடியும். பழைய நகையானால் வீட்டுப் பெண்களின் அடையாளம்தான். அதை இலேசாகத் தள்ளக் கூடாது என்று ஈரபத்ரப்பா வழக்கு (1983) சொல்கிறது.

தடயக்குறிப்பு:

கேமரா பற்றி மட்டும் சொல்கிறேன். 1.37 என்பது கேமராப் படத்தைப் பதிவு செய்யும் டி.வி.ஆர். பெட்டியின் கடிகாரம் சொல்லும் நேரம், இந்திய நேரம் அல்ல. உள்ளே இருக்கும் சிறு பேட்டரி செத்துப்போனால் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் நேரம் குழம்பும். சீனத் தயாரிப்பு நேரமண்டலம் மாற்றாமல் ஓடினால் சரியாக இரண்டரை மணி நேரம் முன்னால் காட்டும். பதிவை எடுக்கும்போதே பெட்டி காட்டும் நேரத்தையும் உண்மை நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தை மகஜரில் எழுத வேண்டும். எழுதவில்லை என்றால் அதே நாள் பதிவில், நேரம் உறுதியாகத் தெரிந்த ஒன்றைத் தேடலாம். அன்றைய மின்தடை மிக உதவும், மின்வாரியப் பதிவோடு ஒப்பிடலாம். இது இல்லாமல் 38 நிமிட வித்தியாசத்தை அந்த அம்மாவுக்கு எதிராகவும் பயன்படுத்த முடியாது, ஆதரவாகவும் பயன்படுத்த முடியாது.

சட்டை நிறமும் அப்படித்தான். இருட்டில் அகச்சிவப்பு வெளிச்சத்தில் எடுத்த பதிவு கறுப்பு வெள்ளை. பல கருநிறத் துணிகள் அதில் வெளுப்பாகத் தெரியும். "பதிவில் வெள்ளைச் சட்டை, எனவே பால்காரர் சொன்னது சரி" என்று யாராவது எழுதினால் அடித்துவிடுங்கள்.

மின்னணுப் பதிவுக்கான பி.எஸ்.ஏ. 63(4) சான்றிதழ் இரண்டு பகுதியாக, ஹாஷ் எண்ணோடு (பதிவு மாறவில்லை என்று காட்டும் எண்) இருக்கிறதா? சான்றிதழ் கட்டாயம் என்பது அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் (2020) முடிவான விஷயம். இல்லையென்றால் பதிவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பீரோவிலும் பூட்டிலும் விரல்ரேகை எடுத்தார்களா என்பதைப் பற்றி அ.சா.8 வாயே திறக்கவில்லை என்பதையும் தீர்ப்பில் குறிப்பிடலாம்.

நெல்லை வக்கீல்:

சாட்சியச்சட்டம் வகுப்பு மேடம் சொன்ன வழியில் போனால் முதல் எதிரிக்கு எதிராக பி.எஸ்.ஏ. 119இன் முதல் எடுத்துக்காட்டு வருகிறது. களவு போன சிறிது காலத்தில் பொருள் கையில் இருந்து, கணக்குச் சொல்ல முடியாவிட்டால், அவரே திருடினார் அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினார் என்று கோர்ட்டு அனுமானிக்கலாம். "அனுமானிக்கலாம்"தான், கட்டாயம் இல்லை. எனக்கு 317(2)இல், அதாவது திருட்டுப் பொருளை வைத்திருந்ததற்கு மட்டும் தண்டிப்பதே பாதுகாப்பாகத் தெரிகிறது. பி.என்.எஸ்.எஸ். 244 இதற்கு இடம் கொடுக்கிறது. வீட்டுக்குள் போனதற்கு இவர் மீது வேறு என்ன இருக்கிறது?

முன்னாள் ஏ.பி.பி.:

இதில் நான் மாறுபடுகிறேன் சார். 4ஆம் தேதி தெரியவந்த களவு, 6ஆம் தேதி அடகு. நடுவில் இரண்டு நாள். நகை தன்னுடையது என்றும் சொல்லவில்லை, வேறு ஒருவர் கொடுத்தார் என்றும் சொல்லவில்லை, "பொய் வழக்கு" என்று மட்டும் சொல்கிறார். ஈரபத்ரப்பாவில் ஏறக்குறைய ஒரு வருட இடைவெளிக்கே அனுமானம் எடுத்தார்கள். பேரேடு நிற்குமானால் திருடியவர் என்ற அனுமானத்தைத்தான் எடுக்க வேண்டும், 305(அ) வரும். பூட்டை உடைத்ததும் திருடியதும் ஒரே தொடர்ச்சி என்பதால் வீடு புகுந்த குற்றமும் கூடவே வரும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது, அதைக் குழு கவனிக்கவில்லை. 331(4)க்கு சூரியன் மறைந்த பிறகு, உதிக்கும் முன் நடந்ததாக நிரூபிக்க வேண்டும். வீட்டார் எப்போது பூட்டிவிட்டுக் கிளம்பினார்கள்? 3ஆம் தேதி காலையில் கிளம்பியிருந்தால் களவு பகலிலும் நடந்திருக்கலாம். 4ஆம் தேதி விடிந்து 9 மணிக்குள்ளும் நடந்திருக்கலாம். கேமரா நேரம் உறுதியில்லை. அப்படியானால் இரவு என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி, அடையாளத்துக்காக நாம் தள்ளிய அந்த எதிர்வீட்டு அம்மா.

அவரை முழுதாகத் தள்ள வேண்டியதில்லை. ஒன்றில் பிழையானால் எல்லாமே பொய் என்ற விதி நம் நாட்டில் இல்லை, நிசார் அலி (1957) காலத்திலிருந்தே இல்லை. யார் என்று அவர் காட்டியதைப் போட்டோ கெடுத்தது. இருட்டு நேரத்தில் இரண்டு பேர் அந்தச் சுவரிலிருந்து குதித்தார்கள் என்று அவர் சொன்னதை எந்தப் போட்டோவும் கெடுக்கவில்லை. முகம் தெரியாத தூரத்திலும் ஆள் குதிப்பது தெரியும். விளக்கே எரியவில்லை என்ற காவலாளி சாட்சியத்தை ஏற்றால்தான் இதுவும் ஆடும். அதனால்தான் நகராட்சி ஊழியர் சாட்சியத்தை அவ்வளவு வற்புறுத்தினேன். அதே அம்மா தன் போலீஸ் வாக்குமூலத்தில் இந்தக் குதித்த விஷயத்தை முதல் நாளே சொன்னாரா, அந்த வாக்குமூலம் எந்தத் தேதியில் கோர்ட்டுக்கு வந்துசேர்ந்தது என்று முத்திரையையும் பார்த்துவிடுங்கள். மூன்று வாரம் கழித்து வந்திருந்தால் அதையும் நம்ப முடியாது. அந்த நிலையில் முதல் எதிரிக்கு 331(4) எழுதாமல், பி.என்.எஸ்.எஸ். 245படி, இரவு என்று நிரூபிக்கத் தேவையில்லாத சிறு குற்றமான 331(3)க்கு இறங்கி, கூட 305(அ) எழுதுங்கள். இரண்டாம் எதிரிக்கு இரண்டு குற்றச்சாட்டிலும் விடுதலை.